காட்டுகிற காசு

வெள்ளவத்தைக் கிளையில், மூன்றாம் கவுண்டரில்,
நாளுக்கு ஆறு கடிதமாவது அடிக்கிறேன்.
"மேற்படி கணக்கில் இன்றைய திகதியில் உள்ள மீதி"
என்று போகும். தொகை எழுத்திலும் இலக்கத்திலும்.
ஆருடையவோ பிள்ளை அந்தத் தாளில் ஏறி
மெல்பேர்ணுக்கோ கவன்றிக்கோ போய்விடும்.

மூன்று மாதம் கழித்து அதே கணக்கைத் திறந்தால்
ஆயிரத்துச் சொச்சம் கிடக்கும்.
காசு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போயிருக்கும்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

தங்கச்சி யதுர்ஷிகா. கணிதப் பிரிவு, மூன்று ஏ.
மொறட்டுவையில் பொறியியல் கிடைக்கும்,
கட்டணம் இல்லை, காலி வீதியில் ஒரே பஸ்.
பிறகு மெல்பேர்ணிலிருந்து மின்னஞ்சல்:
பாதிக் கட்டணத்தை விட்டுத் தருவார்களாம்.
மற்றப் பாதியை அப்பா ரூபாயாக்கிப் பார்த்தார்.
கல்குலேட்டரில் எட்டு இடந்தான். எட்டும் நிரம்பியது.

சிவலோகன் மாமா சொன்னார்:
"நான் போடுறன். காட்டிப்போட்டுத் தாங்கோ. வட்டி வேண்டாம்."
வேண்டாம் என்று அவர் சொன்ன விதத்தில்
வட்டி இருந்தது.

அம்மா, பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரமோ என்றா.
அடுத்த மூச்சில்,
கம்பஸில் றாகிங், ஸ்ட்ரைக், நாலு வருசம் ஆறாகும் என்றா.
இரண்டு பக்கத்துக்கும் அம்மாவே வாதாடினா.
அப்பா செய்தியின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் போகச் சொன்னேன். உரத்துச் சொன்னேன்.
உள்ளதைச் சொன்னால், அது அவளுக்காக இல்லை.
எட்டு வருடத்துக்கு முந்தி
கொழும்பு வெட்டுப்புள்ளிக்கு
எனக்குத் தசம் பூச்சியம் மூன்று காணவில்லை.
அதே புள்ளிக்கு வேறு மாவட்டத்தில் ஒருத்தி பொறியியல் படித்தாள்.
அவளுடைய பள்ளிக்கூடத்தில் இரசாயனத்துக்கு
ஆசிரியரே இருக்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வங்கிப் பரீட்சை எழுதினேன்.
அந்தக் கோபந்தான் இப்போது விமானம் ஏறப் பார்த்தது.

ஞாயிறு, இரண்டு பேரும் கட்டுபெத்தையில் இறங்கினோம்,
சும்மா பார்த்துவிட்டு வர.
கேற்றில் காவலாளி உள்ளே விடவில்லை.
மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கடையில் பிளேன்ரீ.
அவள் கட்டிடங்களைப் பார்க்கவில்லை.
மதிலில் ஒட்டியிருந்த போடிங் அறை விளம்பரங்களைச்
சிங்களத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"தண்ணியும் கரண்டும் சேர்த்தாம்" என்றாள்.
பிறகு, கோப்பையைக் கீழே வைக்காமல்:

"இங்க தோத்தா பஸ் ஏறி வீட்ட வரலாம் அக்கா.
அங்க தோத்தா மாமான்ர காசிலயெல்லோ தோக்கவேணும்."

"நீ ஏன் தோக்கப்போறாய்?"

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறீங்கள்.
தோக்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தோம்.
பஸ்ஸில் வரும்போது
அவள் என் தோளில் நித்திரையானாள், அல்லது
அப்படிக் காட்டினாள்.

வெள்ளி கடைசி நாள்.
வியாழன் மதியம், திரை நாற்பத்தேழைக் கூப்பிட்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யது.
இலக்கம் எடுத்து, கதிரையில் இருந்து,
முன்னால் ஒருவரின் நகை அடைவு முடியும்வரை
என்னைத் தெரியாதவள் மாதிரி இருந்திருக்கிறாள்.
தாளைக் கீழ்த் துளையால் தள்ளினாள்.
பல்கலைக்கழகப் பதிவு. மொறட்டுவை.
தொகை, ஒரு கொத்து ரொட்டிக்குக் காணாது.

"அம்மாட்டச் சொன்னியோ?"
"இல்லை. நீ முதல்ல சீலைக் குத்து."

என் கை கொஞ்சம் நின்றது.
அவள் அதைப் பார்த்தாள்.
மை காய்ந்திருந்தது, முதல் குத்தில் திகதி விழவில்லை.
இன்னொரு தரம் குத்தினேன்.
நாற்பத்தெட்டு, ஒரு தகப்பன்,
மகனின் கடவுச்சீட்டுப் பிரதியைச் சுருட்டிப் பிடித்தபடி
எழும்பி வந்துகொண்டிருந்தார்.